சாவான பாவம் எது? பறை, சுவர், சினிமா

பழைய ஞானோபதேசத்தில் பாவம் இரண்டு வகை. சாவான பாவம், அற்பப் பாவம். முன்னதோடு செத்தால் நரகம். பின்னதோடு செத்தால் உத்தரிக்கிற ஸ்தலம். கொஞ்ச காலம் வெந்துவிட்டு மேலே போகலாம். புத்தகத்தில் அச்சடிக்காத மூன்றாவது வகை ஒன்றும் இருந்தது. அதற்குப் பாவம் என்று பேரில்லை, வழக்கம் என்று பேர். பறை அடிப்பது, கூத்து பார்ப்பது, பிற்காலத்தில் சினிமாவுக்குப் போவது, சிவப்புக் கொடி பிடிப்பது இவையெல்லாம் பாவக் கணக்கில் ஏறின. கோயிலுக்குள்ளே சேரிக்காரனுக்குத் தனி இடம், கல்லறையில் தனிக் குழி இவை வழக்கக் கணக்கில் ஏறின. இந்தப் பிரிவினையை யார் செய்தார்கள், எப்போது செய்தார்கள் என்று தேடிப் பார்த்ததன் விளைவே இந்தக் கட்டுரை. எங்கள் சனத்தின் பக்தியைக் கிண்டல் செய்வது என் வேலையல்ல. அந்தப் பக்தியை வைத்து நடந்த கணக்கெழுத்தைப் பற்றித்தான் பேச்சு.

மீஞ்சூர்ப் பக்கத்துக்காரன் நான். சனங்கள் எங்கள் ஊரை வடகாஞ்சி என்பார்கள், ஏகாம்பரநாதரும் வரதராசரும் இங்கேயும் இருப்பதால். ஆனால் எங்க ஆயாவுக்குக் காஞ்சி எல்லாம் தெரியாது. அதற்குத் தெரிந்த திசை பழவேற்காடு. அங்கே மகிமை மாதா கோயில் இருக்கிறது; போர்த்துகீசியர் காலத்தில், 1515-இல் தொடங்கியது என்று கோயிலே சொல்லிக்கொள்ளும். திருவிழாவுக்குப் பொன்னேரி வழியாக பஸ் பிடித்துப் போய், மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, கருவாடு வாங்கிக்கொண்டு திரும்பும். கழுத்தில் உத்தரியம், கையில் செபமாலை. ராத்திரி செபமாலை சொல்லாமல் வீட்டில் சோறு கிடையாது. பழமைவாதக் கத்தோலிக்கம் என்று நாம் ஆய்வுக்கட்டுரையில் எழுதுவதை நான் வெள்ளைச் சேலை கட்டிய எங்க ஆயாவின் உருவத்தில்தான் முதலில் பார்த்தேன்.

கணக்கெழுத்து 1606-இல் மதுரையில் தொடங்குகிறது. இராபர்ட் தெ நோபிலி என்ற இத்தாலியச் சேசுசபைக் குரு வந்து பார்த்தார். கடற்கரைப் பரதவர்கள் அதற்கு எழுபது வருஷத்துக்கு முன்பே ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். உள்நாட்டு மேல்சாதிக்காரர்களோ பரங்கி மதம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நோபிலி காவி கட்டினார், மாமிசத்தை விட்டார், சமைக்கப் பிராமணரை வைத்தார். பூணூலும் குடுமியும் சந்தனமும் மத அடையாளம் அல்ல, குல அடையாளம் மட்டுமே, அதாவது சமூக வழக்கம், ஆகவே கிறித்தவனான பிறகும் போட்டுக்கொள்ளலாம் என்று வாதாடினார். சக குருமாரே எதிர்த்தார்கள். வழக்கு ரோமாபுரிக்குப் போனது. 1623-இல் போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரி அனுமதி கொடுத்தார். அந்த ஆணையின் முடிவில், மேல்குலத்திலிருந்து வந்தவர்கள் தாழ்ந்த குலத்தாரை இகழ வேண்டாம் என்று ஒரு புத்திமதியும் இருக்கிறது. பூணூலுக்குக் கிடைத்தது உத்தரவு, எங்களுக்குக் கிடைத்தது புத்திமதி. அந்த வேறுபாட்டைப் படித்தவர்கள் கவனிக்க வேண்டும். பிறகு 1640 வாக்கில் பண்டாரசாமிகள் என்று இன்னொரு பிரிவுக் குருக்களை ஏற்படுத்தினார்கள், மற்றச் சாதியாரிடம் போவதற்காக. பிராமணச் சந்நியாசி வேடத்தில் இருப்பவர் சேரிக்குள் வந்தால் வேடம் கலைந்துவிடுமே.

நோபிலியின் பேரில் எழுதப்படும் புகழுரைகளில் இதைப் 'பண்பாட்டு உரையாடல்' என்பார்கள். யாரோடு உரையாடல்?

அடுத்த நூற்றாண்டில்தான் விஷயம் சூடுபிடிக்கிறது. 1703-இல் ரோமாபுரியிலிருந்து தூதராகத் தூர்னோன் புதுச்சேரியில் இறங்கினார். சில மாதம் தங்கி, மலபார்ச் சடங்குகள் என்று பேர்பெற்றுவிட்ட இந்த ஏற்பாடுகளை விசாரித்து, பதினாறு அம்சம் கொண்ட ஆணை ஒன்றைப் போட்டார். அதில் உள்ளவற்றைப் பாருங்கள். தாலியில் பிள்ளையார் உருவம் கூடாது. பெண் பிள்ளை பெரியவளான சடங்கை ஊரறியக் கொண்டாடக் கூடாது. சாம்பல் பூசக் கூடாது. சடங்குக் குளியல் கூடாது. அஞ்ஞானிகளின் கட்டுக்கதைப் புத்தகங்களைப் படிக்கக் கூடாது. விக்கிரகத் திருவிழாவில் கிறித்தவ வாத்தியக்காரர்கள் வாசிக்கக் கூடாது. இவற்றோடு சேர்த்து இன்னொன்றும் இருந்தது: பறையர் நோயில் கிடந்தால் குரு அவர்கள் வீட்டுக்கே போய்த் தேவதிரவிய அனுமானங்களைக் கொடுக்க வேண்டும்.

தாலி, சாம்பல், வாத்தியம் எதற்கும் கிறித்தவர்கள் முனகினார்கள். ஆனால் குருமார் பெரிதாகத் தவித்த இடங்களில் முக்கியமானது இந்தக் கடைசி அம்சம். பறையன் குடிசைக்குள் குரு நுழைந்தால் மேல்சாதிக்காரன் கோயிலுக்கு வரமாட்டான், வேதம் அழிந்துபோகும் என்று ரோமாபுரிக்குக் கடிதம் மேல் கடிதம். நாற்பது வருஷம் இழுத்தார்கள். 1744-இல் போப்பாண்டவர் பதினான்காம் ஆசீர்வாதப்பர் முடிவாக ஆணையிட்டார். அப்போது சேசுசபையார் ஒரு யோசனை சொன்னார்கள்: பறையருக்கென்றே தனியாகச் சில குருக்களை வைத்துக்கொள்கிறோம். ரோமாபுரி அதை ஏற்றுக்கொண்டது. வாத்தியத்தை ஒழிக்கச் சமாதானம் தேடாத சபை, சேரி வாசலைத் தாண்ட மட்டும் தனிக் குரு என்ற சமாதானத்தைக் கண்டுபிடித்தது.

எம்.ஏ. வகுப்பில் தேம்பாவணி படித்தேன். 3615 பாட்டு; 1726-இல் முடித்தது என்று ஆசிரியர் எழுதிப்போட்டார், தேர்வுக்கும் வந்தது. வீரமாமுனிவர் அதை எழுதிய காலம் இந்தச் சண்டை நடந்த காலம் என்பதை ஒருவரும் சொல்லவில்லை. அஞ்ஞானப் புராணம் படிக்காதே என்று தடை இருந்த நாட்டில், படிக்கத்தக்க புராணம் ஒன்றை அவர் செய்து கொடுத்தார் என்று பார்த்தால் அந்தக் காப்பியம் இன்னும் சுவாரசியமாகத்தான் இருக்கிறது.

வாத்தியத் தடைக்கு வருவோம். ரோமாபுரிக்கு அது விக்கிரக ஆராதனைப் பிரச்சனை. சேரிக்கு அது வேறு பிரச்சனை. எங்க ஆயாவின் அப்பா மேளக்காரர். ஊர் அம்மனுக்குக் கூழ் ஊற்றினால் போய் அடிக்க வேண்டும், மாடு செத்தால் தூக்க வேண்டும், சாவு விழுந்தால் சேதி சொல்ல வேண்டும். இவர்கள் குடும்பம் வேதத்தில் சேர்ந்த பிறகு சாமியார் வந்து மேளம் அடிக்கப் போகக்கூடாது என்றாராம். ஆயா சொல்லும்: "அது ஒண்ணுதான்டா அந்தச் சாமியாரு செஞ்ச நல்லது. போனா இன்னா குடுப்பான்? கள்ளுத்தண்ணிய ஊத்தி, கூழ ஊத்தி அனுப்புவான். போவலன்னா கட்டி வெச்சி அடிப்பான். சாமியாரு வேணாம்னாருன்னு சொன்னா ஊர்க்காரன் வாய மூடிக்கினான்." பாவம் என்று ஒருவர் சொன்னது, வெட்டி வேலையிலிருந்து தப்பிக்க இன்னொருவருக்குச் சாக்கானது. பின்னாளில் அம்பேத்கர் இயக்கத்துத் தோழர்களும் பறையைத் தொடாதே என்றுதான் சேரி சேரியாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். சொல் ஒன்று, காரணம் வேறு. அதனால்தான், பழமைவாதக் கத்தோலிக்கம் எங்கள் கலையைக் கொன்றது என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. கொன்றதும் உண்மை. எங்கள் ஆட்கள் அந்தத் தடைக்குப் பின்னால் மறைந்து நின்று மூச்சு வாங்கியதும் உண்மை. வெள்ளைச் சேலையும் செபமாலையும் எங்க ஆயாவுக்கு, நான் ஊர்க்காரன் வீட்டு வெட்டியாள் இல்லை என்று அறிவிக்கும் உடுப்பு.

புதுச்சேரிக்குத் திரும்ப வேண்டும். 1745 அக்டோபர். ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். சம்பாக் கோயில் என்கிற சின்னப்பர் கோயிலுக்குள்ளே வடபக்கம் ஒரு சுவர். அதற்கு ஒரு புறம் பறையர், மறுபுறம் சாதிக் கிறித்தவரும் சட்டைக்காரரும் வெள்ளைக்காரரும். சேரிக்காரர்கள் கூட்டமாகப் போய்ப் பெரிய குருவிடம் நியாயம் கேட்டார்கள்: எங்களையும் சீடர் என்கிறீர்கள், கடவுள் பேதம் பார்க்கிறாரா? சுவரை இடித்தார்கள். அதே வேளையில் சாதிக் கிறித்தவக் குடும்பத்துப் பெண் ஒருவர் மெல்லிய மஸ்லின் உடுத்தி, நகை பூட்டிக் கோயிலுக்கு வர, தாசி மாதிரியா வருவது என்று குருவானவர் கண்டித்தார். சாதிக் கிறித்தவர்கள் கலகம் செய்தார்கள், இனிக் கோயிலுக்கு வரமாட்டோம் என்றார்கள். கவர்னர் தலையிட்டு அடக்க வேண்டியதாயிற்று. பிள்ளைவாளுக்கு இதில் சேரிமேல் ஒரு பரிவும் இல்லை, வேடிக்கை பார்க்கிற தொனிதான். ஆனாலும் நமக்கு இது முக்கியமான சாட்சியம். சுவர் ரோமாபுரியின் கருணையால் விழவில்லை, சேரி போய்க் கேட்டதால் விழுந்தது. கேட்ட பிறப்பு 'இருநூறு வருஷத்துக்குப் பிந்திய விழிப்புணர்வு' அல்ல.

வடக்கன்குளத்தை எல்லாரும் எழுதிவிட்டார்கள். 1872-இல் சாதிக்கு ஒரு கை என்று இரண்டாகப் பிரிந்த கோயிலைக் கட்டினார்கள், கால்சட்டைக் கோயில் என்று பேர். 1910-இல் கௌசானல் சாமி தடுப்பை இடித்தார். வேளாளர் வழக்குப் போட்டுத் தோற்றார்கள். அங்கே தகராறு வேளாளருக்கும் நாடாருக்கும். தலித்துகள் அந்த வரைபடத்திலேயே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டில் பறையின் இடத்துக்குச் சினிமா வந்தது. அமெரிக்காவில் கத்தோலிக்க ஆயர்கள் 1930-களில் 'ஒழுக்கப் படையணி' ஒன்றை அமைத்து, கெட்ட படம் பார்க்கமாட்டோம் என்று விசுவாசிகளிடம் சத்தியம் வாங்கினார்கள். 1936-இல் போப்பாண்டவர் பதினோராம் பத்திநாதர் அதைப் பாராட்டிச் சுற்றுமடலே எழுதினார். எல்லா நாட்டு ஆயர்களும் ஆண்டுதோறும் அப்படிச் சத்தியம் வாங்க வேண்டும், படங்களைத் தரம் பிரித்துப் பட்டியல் போட வேண்டும் என்றார். ஹாலிவுட்டுக்குப் போட்ட அந்தக் கடிவாளம் நம் ஊர் ஞாயிறு பிரசங்கத்தில் "கொட்டாய்க்குப் போனால் சாவான பாவம்" என்று இறங்கியது. விதிவிலக்கும் இருந்தது. 1948-இல் ஒரே கதையை இரண்டு கம்பெனிகள் எடுத்தன: ஞானசவுந்தரி. மாற்றாந்தாய் சூழ்ச்சியால் கை வெட்டப்பட்ட பெண்ணுக்கு மாதா கை கொடுக்கும் கதை. நாடகமாக ஏற்கெனவே ஓடியது. ஜெமினி எடுத்தது விழுந்தது, ஜோசப் தளியத்தின் சிட்டாடல் எடுத்தது ஓடியது. சிட்டாடல் படத்தை இயக்கியவர் எஃப். நாகூர். தேவமாதாவை வெள்ளித்திரைக்கு ஒரு நாகூர் கொண்டுவந்ததைப் பற்றி அன்று யாரும் புண்பட்டதாகத் தெரியவில்லை. 1971-இல் அன்னை வேளாங்கண்ணி வந்தது. ஆயா வாழ்க்கையில் பார்த்த ஒரே படம் அதுதான். டூரிங் கொட்டாயில் மணல் தரையில் முழங்கால் போட்டே பார்த்ததாம். "அது சினிமா இல்லடா, அது மாதா" என்று கடைசி வரை சாதித்தது.

அரசியலிலும் இதே பட்டியல்தான். 1949 ஜூலையில் ரோமாபுரி ஓர் ஆணை போட்டது: கம்யூனிசக் கொள்கையை அறிக்கையிடுகிற கத்தோலிக்கன் சபைக்குப் புறம்பானவன். பத்து வருஷம் கழித்துக் கேரளத்தில் 'விமோசன சமரம்' நடந்தபோது திருச்சபை வீதியிலேயே இறங்கியது. 1959 ஜூலை 31-இல் நம்பூதிரிபாடு ஆட்சி கலைக்கப்பட்டது. எண்ணூரிலும் மணலியிலும் தொழிற்சாலைகள் வந்து எங்கள் ஆண்கள் ஷிப்டுக்குப் போன காலத்தில், சங்கத்தில் சேரலாமா, சேர்ந்தால் நன்மை வாங்கலாமா என்று பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்டவர்கள் உண்டு. சங்கத்தில் சேர்ந்தவனைக் கேள்வி கேட்ட அந்தத் தொட்டி, பொண்ணு கட்டச் சாதி பார்த்தவனை ஒருநாளும் கேட்டதில்லை. சாதி பார்ப்பவன் சபைக்குப் புறம்பு என்று 1949-ஐப் போல ஓர் ஆணை எழுதப்படவே இல்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் முடிந்து, தமிழில் பூசை வந்தது. பண்பாட்டுமயமாக்கல் என்றார்கள். குத்துவிளக்கு வந்தது, ஆரத்தி வந்தது, கர்நாடக ராகம் வந்தது. 1977-இல் திருச்சியில் கலைக் காவிரி தொடங்கிப் பரதநாட்டியம் வந்தது. நோபிலியின் பழைய பெட்டியையே மறுபடி திறந்தார்கள். பறை பீடத்தருகே வருவதற்குத் தலித் இயக்கம் கோயில் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. பாமாவின் 'கருக்கு' 1992-இல் வந்தபோது கன்னியர் மடத்தின் உள்வாசலும் வெளியே தெரிந்தது.

இனி 2006. நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். 'தா வின்சி கோட்' என்ற ஆங்கிலப் படம் உலகமெங்கும் வந்தது. இயேசு மகதலா மரியாளை மணந்தார், பிள்ளை உண்டு என்று கதை. இந்தியத் தணிக்கை வாரியம் 'ஏ' சான்றிதழும், இது கற்பனை என்ற அறிவிப்பும் போட்டு அனுமதித்துவிட்டது. கிறித்தவ அமைப்புகள் மனம் புண்பட்டது என்று எழுந்தன. ஒரு கோயிலில் பூசை முடிந்து வாசலில் மேசை போட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். ஆயா கைநாட்டு வைத்தது. என்ன படம் என்று அதற்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. ஜூன் தொடக்கத்தில் தமிழக அரசு படத்துக்குத் தடை போட்டது. ஆட்சிக்கு வந்து மாதம் முடியாத அரசு, சிறுபான்மையினர் மனம் கோணக் கூடாது என்ற கணக்கு. படக் கம்பெனி உயர்நீதிமன்றம் போனது. ஜூலையில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் தடையை ரத்து செய்தார். கலவரம் வரும் என்று சொல்லிப் பேச்சுரிமையைப் பறிக்க முடியாது, காவல் கொடுப்பதுதான் அரசின் வேலை என்ற கோட்பாடு 1989-லேயே உச்சநீதிமன்றம் வகுத்தது. அது எந்தப் படத்துக்கான வழக்கு என்பதையும் நம் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள்: இடஒதுக்கீட்டைத் தாக்கிய 'ஒரே ஒரு கிராமத்திலே'. அன்று தடை கேட்டவர்கள் நம் பக்கத்தில் இருந்தார்கள். கோட்பாடு எனக்கு அன்றும் கசப்புதான், ஆனாலும் இரண்டு இடத்திலும் அதை ஒரே மாதிரிதான் படிக்க முடியும்.

எனக்குப் படத்தைப் பற்றிக் கவலை இல்லை. அந்த வேகத்தைப் பற்றித்தான் கவலை. மனு, சந்திப்பு, அரசாணை எல்லாம் சில வாரத்தில். இவ்வளவு பலம் கையில் இருக்கிறது என்று அன்றுதான் எங்களுக்கே தெரிந்தது. இந்திய ஆயர்கள் 1982-இல் திருச்சியில் கூடி, சாதிப் பாகுபாடு கிறித்தவத்தையே மறுப்பது என்று அறிக்கை விட்டார்கள். அதே திருச்சியில், மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில், தலித் பிணத்தையும் மற்றப் பிணத்தையும் பிரித்து ஒரு சுவர் நின்றது. 1990-இல் தமிழக ஆயர்கள் பத்து அம்சத் திட்டம் அறிவித்தார்கள். சுவர் நின்றது. 2003 நவம்பரில் ரோமாபுரிக்குப் போன தமிழக ஆயர்களிடம் போப்பாண்டவர் இரண்டாம் ஜான்பால், சாதி உணர்வு நற்செய்திப் பணிக்குப் பெரும் தடை என்று நேரிலேயே சொன்னார். சுவர் நின்றது. 2010-இல் அதன் ஒரு பகுதியை இடித்தவர்கள் பெரியார் இயக்கத் தோழர்கள், சாமி கும்பிடாதவர்கள்.

படத்தடை ரத்தாகி இரண்டு வருஷம் கூட ஆகவில்லை, எறையூர் வந்தது. பொதுத்தெரு வழியாகச் சாவை எடுத்துப் போக வேண்டும், இல்லையென்றால் எங்கள் சகாய மாதா கோயிலைத் தனிப் பங்காக்குங்கள் என்று தலித் கத்தோலிக்கர் கேட்டார்கள். 2008 மார்ச் 9-இல் வன்னியக் கத்தோலிக்கர் அவர்கள் வீடுகளைத் தாக்கினார்கள். போலீஸ் சுட்டதில் வன்னியத் தரப்பில் இருவர் செத்தார்கள். தாக்கியவரும் தாக்கப்பட்டவரும் ஒரே செபமாலை உருட்டுகிறவர்கள். இதற்காக மாநிலம் முழுக்கக் கோயில் வாசலில் மேசை போட்டு யாரும் கையெழுத்து வாங்கவில்லை.

இந்தக் கணக்கெழுத்து வெறும் கோயில் சமாச்சாரம் அல்ல. 1950 குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவன் அட்டவணைச் சாதி அல்ல என்றது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் திறந்தது, நமக்குத் திறக்கவில்லை. சென்னைத் தெருவோரத்தில் செருப்புத் தைத்த சூசை என்ற கிறித்தவ ஆதிதிராவிடர், மற்றச் செருப்புத் தொழிலாளருக்கு இலவசமாகக் கொடுத்த பங்க் கடையைத் தனக்கு மறுத்தார்கள் என்று உச்சநீதிமன்றம் போனார். 1985-இல் தீர்ப்பு. மதம் மாறிய பின்னும் சாதி தொடரலாம் என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. அதே ஆழத்தோடும் கடுமையோடும் கிறித்தவச் சமூகத்துக்குள் அந்தக் கொடுமை இருக்கிறது என்பதற்குச் சான்று எங்கே என்று கேட்டது. சான்று போதவில்லை, சூசை தோற்றார். சான்று யார் கையில் இருந்தது? கல்லறை வரைபடம், திருவிழா வரிப் புத்தகம், தேர்ப் பாதை எல்லாம் பங்கு அலுவலக பீரோவில். அவற்றை நீட்டினால் சபையின் மானம் போகும், நீட்டாவிட்டால் எங்கள் உரிமை போகும். முப்பது வருஷம் கழித்து, 2016 டிசம்பரில், இந்திய ஆயர் பேரவை தன் தலித் கொள்கை ஆவணத்தில் திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை அச்சில் ஒப்புக்கொண்டது. 2004-இல் போடப்பட்ட புதிய வழக்கு இழுத்துக்கொண்டு போக, 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு கே. ஜி. பாலகிருஷ்ணன் ஆணையத்தை அமைத்தது. மறுபடியும் சான்று கேட்கிறார்கள்.

ஆகவே மாணவத் தோழர்களிடம் கேட்பது இதுதான். பிஎச்.டி. என்று தேம்பாவணியில் அணிநயம் எண்ணுகிறவர்கள் ஒரு விடுமுறைக்கு ஊர்ப் பங்குக்குப் போங்கள். கல்லறையில் எந்த மூலையில் யார் குழி என்று கட்டம் போட்டு எழுதுங்கள். மண்டகப்படி யார் யார் பேரில் என்று கேளுங்கள், வரி வாங்குகிறார்களா, வாங்க மறுக்கிறார்களா என்று கேளுங்கள். கோயில்பிள்ளை, பீடச் சிறுவர், பாடகர் குழு, பங்குப் பேரவை எல்லாவற்றிலும் பேரைக் குறியுங்கள். வயதான பெண்களிடம் முதலில் பேசுங்கள், அவர்களுக்குத்தான் ஞாபகம் இருக்கிறது, பயமும் குறைவு. திருவிழா ராத்திரி தேர் பின்னாலேயே நடந்து போய், அது எந்தத் தெரு முனையில் திரும்புகிறது, எந்தத் தெருவுக்குள் நுழையாமல் திரும்புகிறது என்று தேதி போட்டு எழுதி அனுப்புங்கள்.